எங்கள் பட்டத்தின் பெயரையும் தகுதிப் பட்டியலில் எழுதுங்கள்

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர், சமூக நல ஆணையர், மாவட்டச் சமூக நல அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் மகளிரியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏப்ரல் தேர்வு முடிந்தால் பட்டம் கைக்கு வந்துவிடும். என் வகுப்புத் தோழிகளுக்காகவும், எங்களுக்கு முன்னால் இதே பட்டத்தை வாங்கிவிட்டு இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கும் சீனியர் அக்காக்களுக்காகவும் இந்த மடலை எழுதுகிறேன். முதன்மையாகக் கேட்பது ஒன்றுதான். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள், 181 மகளிர் உதவி மையம், மாவட்ட மகளிர் அதிகார மையங்கள், குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் வரும் பாதுகாப்பு அலுவலர் அலுவலகங்கள் ஆகியவற்றுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பில், கல்வித் தகுதி என்ற இடத்தில், மகளிரியல் என்ற சொல்லையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்போது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மாவட்ட ஆட்சியரின் பத்திரிகைச் செய்தியாக அறிவிப்பு வருகிறது. மைய நிர்வாகி வேண்டும், மூத்த ஆலோசகர் வேண்டும், வழக்குப் பணியாளர் வேண்டும் என்று இருக்கும். தகுதியில் சமூகப்பணி இருக்கும், ஆலோசனை உளவியல் இருக்கும், மேம்பாட்டு மேலாண்மை இருக்கும். சில நேரம் சட்டம், சில நேரம் சமூகவியல். மாவட்டத்துக்கு மாவட்டம் கொஞ்சம் மாறும். மகளிரியல் என்று தெளிவாகப் போட்ட அறிவிப்பை நாங்கள் பார்ப்பது மிக அரிது. பாலின வல்லுநர் என்றே ஒரு பணியிடம் இருக்கிறது. நான் பார்த்த அறிவிப்பில் அதற்கும் தகுதி ‘சமூகப்பணி அல்லது பிற சமூக அறிவியல்’ என்றுதான் இருந்தது. அந்தப் ‘பிற’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எங்களில் பலர் விண்ணப்பிக்கிறோம். அந்தச் சொல்லுக்குள் நாங்கள் வருவோமா மாட்டோமா என்பதைச் சான்றிதழ் சரிபார்க்கிற மேசையில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் முடிவு செய்கிறார்.

சீனியர் அக்கா ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. மாவட்டத்தின் பெயர் வேண்டாம். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது, போனார். பட்டச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தவர், “இது சோஷியல் வொர்க்காம்மா?” என்று கேட்டிருக்கிறார். “இல்லை சார், மகளிரியல்” என்றதும், “லிஸ்ட்ல இல்லையேம்மா” என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நேர்காணல் அறைக்குள்ளேயே அக்காவால் போக முடியவில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தை வைத்து ஆய்வேடு எழுதியவர் அவர். அதே பட்டத்தை வைத்துக்கொண்டு அவருடைய தோழி வேறொரு மாவட்டத்தில் அதே மாதிரி பணியில் சேர்ந்திருக்கிறார். மேசையில் இருந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் இருக்கிற தாளில் இல்லாத ஒன்றை அவர் எந்தத் தைரியத்தில் ஏற்றுக்கொள்வார்? நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால்தான் அவரிடம் போகாமல், அந்தத் தாளைத் தயாரிக்கிற உங்களிடம் வருகிறேன்.

மகளிரியல் என்றால் பெண்களைப் பற்றி மேடையில் நன்றாகப் பேசக் கற்றுக்கொடுக்கும் படிப்பு என்று ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. மகளிர் தினத்தன்று எங்கள் துறையைத் தேடி வருகிறவர்களில் பலர் அப்படித்தான் வருகிறார்கள். இந்தப் படிப்பு இந்த நாட்டில் எப்படி உண்டானது என்பதை ஓர் அரசுத் துறைக்கு நினைவூட்டுவது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் அது அரசின் ஒரு குழுவோடு நெருங்கிய தொடர்பு உள்ள கதை.

1971இல் இந்தியப் பெண்களின் நிலையை ஆராய மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. பூல்ரேணு குஹா தலைவர், வீணா மஜும்தார் உறுப்பினர் செயலர். 1974 கடைசியில் அறிக்கை கொடுத்தார்கள். அரசியல் சாசனம் சமத்துவம் கொடுத்துவிட்டது, வாக்குரிமை இருக்கிறது, பெண்கள் கல்லூரிக்குப் போகிறார்கள், அதனால் நிலைமை மேலேறிக்கொண்டுதான் இருக்கும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். குழு மக்கள்தொகைக் கணக்கை எடுத்துப் பார்த்தது. 1901இல் 1000 ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தார்கள். 1971இல் 930 பேர். எழுபது ஆண்டுகளாக எண்ணிக்கை ஏறக்குறைய இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கணக்கெடுப்பு அறிக்கைகள் எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில்தான் இருந்தன. கேட்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை. குழுவில் இருந்த படித்த பெண்களையே அது உலுக்கிவிட்டது.

அந்த அறிக்கை வந்த 1974ஆம் ஆண்டிலேயே மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் முன்னின்று ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். 1981இல் முதல் தேசிய மாநாடு அங்கேதான் நடந்தது. அடுத்த ஆண்டு இந்திய மகளிரியல் சங்கம் உருவானது. 1986 தேசியக் கல்விக் கொள்கை மகளிரியலை வளர்க்க வேண்டும் என்று எழுதியது, பல்கலைக்கழக மானியக் குழு மையங்களுக்குப் பணம் கொடுத்தது. தமிழ்நாட்டில் 1984இலேயே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. திருச்சி பாரதிதாசன், காரைக்குடி அழகப்பா போன்ற பல்கலைக்கழகங்களில் மகளிரியலுக்கென்று தனித் துறைகள் வந்தன. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வில் மகளிரியல் ஒரு தனிப் பாடம். ஆக, மத்திய அரசு ஏற்ற படிப்பு, மாநிலப் பல்கலைக்கழகங்கள் நடத்துகிற படிப்பு. ஆள் எடுக்கும் அறிவிப்பில் மட்டும் அது இல்லை.

சரி, இரண்டு வருடம் என்னதான் படிக்கிறோம் என்று நீங்கள் கேட்கலாம். கோட்பாடு, இயக்க வரலாறு, சட்டம், வேலை, உடல்நலம், பாலின வரவுசெலவுத் திட்டம், ஆய்வு முறை, கடைசியில் ஓர் ஆய்வேடு. பாடத்திட்டத்தைப் பட்டியல் போடுவதால் உங்களுக்குப் பயனில்லை. எங்கள் வகுப்பில் நடக்கிற ஒரு பாடத்தை மட்டும் சொல்கிறேன்.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 1989ஆம் ஆண்டுத் திருத்தம் பற்றி வாசித்தோம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. மத்திய அரசு இதை நாடு முழுவதற்கும் செய்தது 2005இல்தான். அதற்கும் பின்னால் போனால், 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அறுபது ஆண்டு கழித்து அது சட்டமானது. நான் பெருமையோடுதான் குறிப்பெடுத்துக்கொண்டேன். அப்புறம் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார்: “உங்கள் வீட்டில் அம்மாவோ அத்தையோ பெரியம்மாவோ, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா, கேட்டுக்கொண்டு வாருங்கள்.”

கேட்டுக்கொண்டு வந்தோம். என் அம்மா போட்டிருந்தார், என் பெரியம்மாவும் போட்டிருந்தார். அடுத்த பெஞ்சுத் தோழியின் அத்தை, தம்பி வீட்டுக் காதுகுத்துக்கு வந்த இடத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். ஏன் போட்டீர்கள் என்றால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார்கள். “கல்யாணத்துக்குச் சீர் செஞ்சாங்க. நாளைக்கு ஒரு கஷ்டம்னா பிறந்த வீட்டு வாசல்ல போய் நிக்கணும். அந்த வாசலை அடைச்சுக்கச் சொல்றியா?” உரிமை கொடுத்த சட்டம் ஒரு பக்கம், அதை எழுதிக் கொடுத்தால்தான் பிறந்த வீடு நிலைக்கும் என்ற கணக்கு இன்னொரு பக்கம். அந்தக் கணக்கை என் அம்மா போட்டது அறியாமையால் இல்லை. கணவன் வீட்டில் ஏதாவது ஆனால் போய் நிற்க ஓர் இடம் வேண்டும் என்று எடைபோட்டுத்தான் போட்டிருக்கிறார். எங்கள் படிப்பு இதைத்தான் சொல்லித்தருகிறது. சட்டத்தைப் படி, அதோடு நிற்காதே, அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் ஏன் அதைப் பயன்படுத்தாமல் இருக்கிறாள் என்று அவளிடமே கேள்.

இந்தக் கேள்வி உங்கள் மையங்களில் எவ்வளவு தேவை என்பதைக் களப் பயிற்சியில் நேரில் பார்த்தேன். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒரு மையத்தில் இருந்தேன். அந்தப் பெண்ணை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுதப் போவதில்லை. முப்பது வயதுக்குள் இருக்கும், நூற்பாலையில் வேலை. வந்து உட்கார்ந்தவுடனே சொன்னார்: “அவர் கை நீட்டுறதே இல்லைங்க. அதைச் சொல்லக் கூடாது.” பிறகு குடும்பத்தில் மனவருத்தம், பேசிவைக்க வேண்டும் என்றார். மையத்தில் இருந்த அக்கா பொறுமையானவர், நல்லவர். அன்றைக்கு வரிசையில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். ஆலோசனை வழங்கப்பட்டது என்று பதிவேட்டில் எழுதிவிட்டுக் கணவரைப் பேச்சுக்கு அழைக்கலாம் என்று முடிவாகிக்கொண்டிருந்தது.

நான் அக்காவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சில கேள்விகள் கேட்டேன். சம்பளம் எந்த வங்கிக் கணக்குக்கு வருகிறது? ஏடிஎம் அட்டை யார் கையில் இருக்கிறது? கல்யாண நகை எங்கே? வீட்டுக் கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள்? ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. அட்டை கணவரிடம். ரகசிய எண்ணும் அவரிடம். நகை இவரைக் கேட்காமலே அடகுக் கடைக்குப் போய்விட்டது. பில் கட்டாமல் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள், பக்கத்து வீட்டு வெளிச்சத்தில் பிள்ளை எழுதுகிறது. வேலைக்குப் போய்வரும் வழிக்குக் கையில் கொஞ்சம் சில்லறை கொடுப்பார்.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில், நடந்ததை எழுதிக் குற்றவியல் நடுவருக்கு அனுப்புகிற முதல் படிவம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த படிவம். அதில் உடல் வன்முறைக்கு ஒரு பகுதி, பாலியல் வன்முறைக்கு ஒரு பகுதி, சொல்லாலும் மனத்தாலும் செய்யும் வன்முறைக்கு ஒரு பகுதி, பொருளாதார வன்முறைக்கு ஒரு பகுதி. சம்பளத்தைப் பறித்துக்கொள்வது அந்தப் பொருளாதார வன்முறைப் பகுதியில் அச்சிட்டே இருக்கிறது. சீதனப் பொருளைக் கேட்காமல் விற்பதும் அடகு வைப்பதும் இருக்கிறது. மின் கட்டணம் போன்றவற்றைக் கட்டாமல் விடுவதுகூட இருக்கிறது. அந்தப் பெண் சொன்ன ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு வரி காத்திருந்தது. அடி விழவில்லை என்பதால் அந்தப் பக்கம்வரை யாரும் போகவில்லை. வகுப்பில் அந்தப் படிவத்தை வரிவரியாக வாசித்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. அக்கா புதிதாக ஒரு படிவம் எடுத்து முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். பயிற்சி முடிந்து நான் வந்துவிட்டதால் அதற்குப் பிறகு வழக்கு எப்படிப் போனது என்று சொல்ல இயலாது. ஆனால் நடுவர் முன்னால் போகிற தாளில் அவருக்கு நடந்தது எழுதப்பட்டது.

சமூகப்பணி படித்தவர்களுக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை. நல்ல சமூகப்பணியாளர் எவரும் கேட்டிருப்பார். எங்கள் படிப்பின் நடுப்பகுதியே இது என்பதைத்தான் சொல்கிறேன். வன்முறை என்றால் அடி என்று மட்டும் நினைக்காமல் பார்ப்பதற்கு இரண்டு வருடம் பழகியவர்களை, இதே வேலைக்கு ஆள் தேடும்போது வாசலில் நிறுத்துகிறீர்கள்.

கேள்வி கேட்கும் முறை பற்றி இன்னும் ஒன்று. 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் தமிழ்நாடு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. கடையில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும். அருமையான சட்டம். ஜவுளிக்கடைப் பெண்களிடம் அதைப் பற்றிப் பேசப் போவதற்கு முன்னால் கேள்வித்தாளை வகுப்பில் படித்துக் காட்டினோம். “கடையில் உட்கார இருக்கை இருக்கிறதா?” என்று எழுதியிருந்த ஒரு தோழியிடம் பேராசிரியர் அதோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: “இன்றைக்கு எப்போது உட்கார்ந்தீர்கள்?” முதல் கேள்விக்கு முதலாளியே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு அந்தப் பெண்தான் சொல்ல முடியும். ஸ்டூல் கிடக்கும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்ப்பார் என்பதால் அதில் யாரும் உட்காராமலும் இருக்கலாம். ஆய்வு அறிக்கையில் முதல் கேள்வி மட்டும் இருந்தால் சட்டம் முழு வெற்றி என்று எழுதிவிடுவோம்.

உங்கள் அரசு பெண்களுக்காக நடத்துகிற திட்டங்கள் சிறியவை அல்ல. 2021இலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம். 2023 செப்டம்பரிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் உரிமைத் தொகை. அதைக் கொடுக்கும்போது வீட்டில் பெண் செய்யும் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசே சொன்னது. இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண் அதற்காக ஒரு நாளில் செலவிடும் நேரம் 2019இல் சராசரியாக 299 நிமிடம், ஆணுக்கு 97. 2024 கணக்கெடுப்பில் அது 289, 88 என்று வந்திருக்கிறது. இரண்டு பேருக்குமே குறைந்திருக்கிறது, இடைவெளி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. உரிமைத் தொகை வந்த வீட்டில் அந்தப் பணம் யார் கையில் நிற்கிறது, எதற்குச் செலவாகிறது, இலவசப் பேருந்தால் புதிதாக எந்த வேலைக்கு எவ்வளவு தூரம் போக முடிந்தது என்று ஒவ்வொரு வட்டத்திலும் போய்க் கேட்க ஆள் வேண்டும். 2024இல் மாநில மகளிர் கொள்கையையும் வெளியிட்டிருக்கிறீர்கள். அது ஊரில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். அதற்கென்றே படித்தவர்கள் உங்கள் பல்கலைக்கழகங்களிலேயே இருக்கிறோம்.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், திருமணமான பெண்களில் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் தமிழ்நாட்டில் 38.1 விழுக்காடு. இந்திய சராசரி 29.3. படிப்பிலும் வேலையிலும் முன்னால் நிற்கிற மாநிலத்தில் இது ஏன்? தமிழ்நாட்டுப் பெண்கள் அதிகமாக அடி வாங்குகிறார்களா, இல்லை வாங்கிய அடியை வெளியே சொல்லும் துணிச்சல் அவர்களுக்கு அதிகமா? வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வீட்டில் எதிர்ப்பு கூடுகிறதா? குடி எவ்வளவு காரணம்? ஒற்றைப் பதில் இதற்குக் கிடையாது என்பது என் எண்ணம். ஆனால் அந்த 38க்குள் இருக்கும் பெண்தான் உங்கள் மையத்தின் கதவைத் தட்டுகிறாள். எதிரே உட்காருகிறவருக்கு இந்தக் கேள்விகள் பழகியிருந்தால் நல்லது.

எங்கள் மேல் சொல்லப்படும் குறை எனக்குத் தெரியும். மகளிரியலில் களப்பணி போதாது, சமூகப்பணி மாணவர்கள் வாரந்தோறும் களத்துக்குப் போகிறார்கள், ஆலோசனை வழங்கும் பயிற்சி இவர்களுக்கு எங்கே என்று கேட்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. எங்கள் களப் பயிற்சியின் காலம் போதாது. துறைகள் பலவற்றில் நிரந்தர ஆசிரியர்கள் குறைவு, திட்ட நிதியை நம்பி ஓடிய மையங்கள் உண்டு. 2017இல் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தபோது, நாடு முழுவதும் 150க்கும் மேற்பட்ட மகளிரியல் மையங்கள் அடுத்த நிதி வருமா வராதா என்று தெரியாமல் நின்றன. அப்படி இருந்த இடத்தில் களப்பணியை விரிவாக்க யாருக்கு முடியும்? இந்தக் குறையைத் தீர்க்கும் வழியும் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் மையங்களில் ஒரு முழுப் பருவம் எங்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பயண உதவித்தொகை மட்டும் கொடுத்தால் போதும். அந்தப் பயிற்சியை முடித்தவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று நிபந்தனை போட்டாலும் ஏற்கிறோம். பட்டம் இருக்கிறது என்பதற்காக வேலை கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. நேர்காணல் அறைவரை வர விடுங்கள், அங்கே எங்களைச் சோதியுங்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலும் எங்களுக்கு இதே நிலைதான். புகாரை விசாரிக்கும் குழுவின் வெளி உறுப்பினர் யாராக இருக்கலாம் என்று அதன் விதிகள் சொல்லும்போது, ஐந்தாண்டு அனுபவமுள்ள சமூகப்பணியாளரையும் சட்டம் அறிந்தவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. அது மத்திய அரசின் விதி, உங்களால் மாற்ற முடியாது. ஆனால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது எங்கள் துறைகளை அழைப்பது உங்களால் முடியும்.

இந்தப் படிப்புக்கு யார் வருகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்த இளநிலைப் பட்டம் இருந்தாலும் சேரலாம் என்பதால் தமிழ் படித்தவர், வரலாறு படித்தவர், பி.காம். முடித்தவர் எல்லோரும் ஒரே வகுப்பில் இருக்கிறோம். பெரும்பாலோர் அரசுப் பள்ளி, தமிழ் வழி. ஆங்கிலத்தில் இருக்கும் கோட்பாட்டுக் கட்டுரைகளை ஒருவர் வாசித்து மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லி, இப்படித்தான் முதல் பருவத்தைத் தாண்டினோம். பலர் வீட்டில் முதல் பட்டதாரி. உங்கள் துறையின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்கி இளநிலை முடித்தவர்கள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். முதுகலைக்கு அந்தப் பணம் வராது. அதையும் நீட்டித்தால் மகிழ்வோம், அது தனிக் கோரிக்கை, தனியாகவே எழுதுவோம்.

வீட்டில் நடக்கும் பேச்சு உங்களுக்குத் தெரியாததல்ல. “இதைப் படிச்சா என்ன உத்தியோகம்?” என்று சித்தப்பா கேட்பார். எம்.ஏ. ஆங்கிலம் என்றால் டீச்சர், சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. என்றால் ஏதோ கம்பெனி, மகளிரியல் என்றால் அவருக்கு ஒன்றும் தோன்றாது. மாவட்ட அறிவிப்பை எடுத்துக் காட்டி, “பாருங்கள், என் படிப்பு இதில் இருக்கிறது” என்று விரலை வைத்துக் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. அந்த வருடமே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். என் வகுப்பில் முதலாண்டு நன்றாகப் படித்த ஒருத்தி இரண்டாமாண்டு வரவில்லை. பெண்களின் வேலைவாய்ப்பைப் பற்றிப் பாடம் படித்தவள். அறிவிப்பில் ஒரு சொல் கூடினால் என்ன ஆகிவிடும் என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால், அந்தச் சொல் இருந்திருந்தால் அவள் அப்பாவிடம் இன்னும் ஒரு வருடம் கேட்டுப் போராடியிருப்பாள் என்பதைச் சொல்லுங்கள்.

நான் கேட்பதை நிறைவேற்றப் புதிய சட்டம் தேவையில்லை, புதிய பணியிடமும் தேவையில்லை. மாநில அரசு தகுதியை நிர்ணயிக்கும் பணிகளுக்குத் துறையே திருத்த ஆணை போடலாம். மத்திய திட்டத்தின் வழிகாட்டுதலில் இருக்கும் பணிகளுக்கு, மகளிரியல் முதுகலை சமூக அறிவியல் பட்டங்களில் அடங்கும் என்று எல்லா மாவட்டங்களுக்கும் ஒரு விளக்கச் சுற்றறிக்கை அனுப்பலாம், கூடவே தில்லிக்குப் பரிந்துரையும் எழுதலாம். அரசுப் பணிக்கு எந்தப் பட்டம் எதற்கு இணை என்று இணைத்தன்மை அரசாணைகள் தொடர்ந்து வருகின்றன. மகளிரியலை அந்தக் குழுவின் முன் வைக்குமாறு உயர்கல்வித் துறையிடம் நீங்கள் கேட்டால் நாங்கள் கேட்பதைவிட விரைவாக நடக்கும். சுற்றறிக்கை வரும்வரை, சான்றிதழ் சரிபார்ப்பில் மகளிரியல் பட்டம் வந்தால் மேசையிலேயே திருப்பி அனுப்பாமல் தேர்வுக் குழுவிடம் அனுப்பும்படி மாவட்ட அலுவலர்களுக்கு ஒரு வாய்மொழி உத்தரவாவது கொடுங்கள்.

இந்த மடலின் கையெழுத்துப் பிரதியை, எங்கள் பாடத்திட்டத்தையும் வகுப்புத் தோழிகளின் ஒப்பங்களையும் இணைத்து, ஆணையர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறோம். நேரில் வந்து விளக்கச் சொன்னால் வருகிறோம். எங்கள் தேர்வுகள் ஏப்ரலில் முடிகின்றன. அதற்குப் பின் எந்த மாவட்டத்திலிருந்து அறிவிப்பு வந்தாலும் நாங்கள் விண்ணப்பிப்போம்.

இப்படிக்கு,
மகளிரியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி,
வகுப்புத் தோழிகளுக்காகவும்